வாயோரத்து இரண்டு கோடுகள்

என் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து வருவதற்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. கொடைக்கானல் பஜாரில் எங்கள் ஸ்வெட்டர் கடைக்குக் காலேஜ் பிள்ளைகள் நாலு பேர் வந்தார்கள். ஒரே குல்லாவை நாலு தலையிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு விலை கேட்டார்கள். சொன்னேன். அதில் கண்ணாடி போட்ட பிள்ளை ஒருத்தி என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன் ஆன்ட்டி கோவமா இருக்கீங்க?" என்று கேட்டாள்.

எனக்குக் கோபமே இல்லை. சொல்லப்போனால் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தேன். வெள்ளனே அவர் போன் பண்ணி டிக்கெட் போட்டாயிற்று என்று சொல்லியிருந்தார். நாலு வருஷம் கழித்து வருகிறார், அதுவும் திரும்பிப் போகாமல் மொத்தமாக வருகிறார். "கோவமெல்லாம் இல்லம்மா, என் மூஞ்சியே அப்படித்தான்" என்று சொல்லிக் குல்லாவைக் கவரில் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு, வருகிறவர்கள் போட்டுப் பார்ப்பதற்காகச் சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன்.

மூக்கின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு கோடு இறங்கி, வாய்க்கோடியைத் தாண்டி, தாடை வரைக்கும் போயிருந்தது. ஒரு ஆளைத் திட்டி முடித்துவிட்டு அடுத்த ஆளுக்குக் காத்திருப்பவள் மாதிரி இருந்தேன். எனக்கு நாற்பத்து நாலு வயது. கன்னம் இரண்டையும் கையால் மேலே இழுத்துப் பார்த்தேன். கோடு போனது. கையை விட்டேன். பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்தக் கோடு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். பஜாரில் தனியாகக் கடை நடத்துகிற பெண் சிரித்தால் இரண்டு சங்கடம். டூரிஸ்ட் என்றால் விலையில் பாதியைக் குறைக்கச் சொல்லி நிற்பான். உள்ளூர்க்காரன் என்றால் சும்மாவே நிற்பான். அவர் குவைத்துக்குப் போன முதல் மாதமே இது எனக்குப் புரிந்துவிட்டது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது உதட்டை இறுக்கினால் சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போதுதான் விடுவேன். பதினோரு வருஷம் அப்படி. எனக்கு முன்னால் அதே ஸ்டூலில் பத்து வருஷம் உட்கார்ந்தவர் என் மாமியார். மாமனார் மௌத்தாகிப் போன பிறகு கடையைப் பார்த்தவர் அவர்தான். மாமிக்கும் இதே இடத்தில் இதே இரண்டு கோடு உண்டு. அந்த ஸ்டூலில் வாஸ்து சரியில்லை என்று என் மகள் கிண்டல் பண்ணுவாள்.

கண்ணாடியை விட்டு நகராமல் நின்றேன். அழகைப் பற்றிய கவலை இல்லை. அழகைப் பற்றி யோசிக்க எனக்கு எங்கே நேரம்? வீட்டுக்காரர் ஏன் ஒரு வருஷமாக என் முகத்தைப் பார்க்கவே மறுக்கிறார் என்பதற்குக் கண்ணாடி பதில் சொன்ன மாதிரி இருந்தது.

அதைச் சொல்ல வேண்டுமானால் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது அவர் எனக்குப் புதுப் போன் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் போனில் என் முகம் நன்றாகத் தெரிந்தது. நல்ல போன் போல என்று நினைத்துக்கொண்டேன். பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தாள். "அம்மா, இதுல பியூட்டின்னு ஒண்ணு ஆன்ல இருக்கு. அதான் மூஞ்சிய வழுவழுன்னு காட்டுது. ஆஃப் பண்ணவா?" என்றாள்.

"இருக்கட்டும்" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான்.

நான் பொய் சொல்லவில்லை, போன்தானே சொல்கிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். தினமும் கடை மூடியதும் அவர் வீடியோவில் வருவார். நான் உதட்டைத் தளர்த்தி, முகத்தைக் கழுவி, போன் முன்னால் உட்காருவேன். மாமி என் தோளை ஒட்டி உட்காருவார். ஒரு போனுக்குள் இரண்டு தலை. மாமிக்கு எழுபதைத் தாண்டியிருந்தது, போனில் ஐம்பதுதான் சொல்லலாம். "ஏம்மா, எம் மூஞ்சிய இஸ்திரி போட்டு வச்ச மாதிரில்ல காட்டுது" என்று மகன் லைனில் வருவதற்குள் ஒரு தடவை சிரித்துக்கொள்வார்.

போன வருஷம் மாமி படுத்தார். கிட்னி என்றார்கள். ஆறு மாதத்தில் பாதி ஆளாகிப்போனார். "அம்மா ரொம்ப எளச்சுட்டாங்க, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்று அவரிடம் இரண்டு மூன்று தடவை சொன்னேன். "நேத்துக்கூடப் பாத்தேனே, நல்லாத்தான இருக்காங்க. நீயா எதையாவது நெனச்சுப் பயந்துக்காத. கான்ட்ராக்ட் முடியட்டும், மொத்தமா வந்துர்றேன்" என்றார். ஐப்பசி மழையில் ஒரு நாள் விடிகாலையில் மாமி மௌத்தானார். அன்றைக்கே சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். குவைத்திலிருந்து ஒரு ஆள் அதற்குள் வந்து சேர முடியாது. மாமியின் தலைமாட்டில் உட்கார்ந்து நான் போனைப் பிடித்தேன். அவர் அந்தப் பக்கம் அழுதார். அழுது ஓய்ந்து, "தூங்குற மாதிரியே இருக்காங்கல்ல" என்றார். நானும் "ஆமாங்க" என்றேன்.

மாமிக்கு மூன்றாம் நாள் பாத்திஹா ஓதிய அன்று என் போனில் சார்ஜ் இல்லை. மகள் தன்னுடைய போனில் அவரை, அவள் அத்தாவைக் கூப்பிட்டு என் கையில் கொடுத்தாள். அது உள்ளதை உள்ளபடி காட்டுகிற போன். மூன்று நாள் அழுத முகம், எண்ணெய் காணாத தலை. அவர் என்னைப் பார்த்தார். பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். "என்னங்க?" என்றேன். "பிள்ளகிட்டக் குடு" என்றார். அவள் போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். வந்தவர்களுக்குச் சோறு போடுகிற சோலியில் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் வீடியோவில் வரவேயில்லை. முதலில் நெட் சரியில்லை என்றார். பிறகு ரூமில் ஆள் இருக்கிறது என்றார். கடைசியில், "எதுக்கு வீடியோ? சும்மா பேசுவோம்" என்று சொல்லிவிட்டார். நிஜ முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்தார், வெறுத்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? வெளிநாட்டிலிருந்து மொத்தமாக வந்தவர்கள் இரண்டே மாதத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பப் போனதைப் பஜாரில் பார்த்திருக்கிறேன். இவரும் அப்படிப் போய்விட்டால்? என்னால் அந்த ஒரு நினைப்பைத் தாங்க முடியவில்லை.

கண்ணாடியைப் பார்த்த அன்றைக்கு மத்தியானமே கடையைப் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஏரிக்குப் போகிற ரோட்டில் மாடியில் இருக்கும் பியூட்டி பார்லருக்குப் போனேன். அதை நடத்துகிற பெண்ணுக்கு ஊர் பேத்துப்பாறை. மதுரையில் கோர்ஸ் படித்துவிட்டு வந்தவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். எங்களிடம்தான் ஸ்வெட்டர் எடுப்பாள்.

வாயோரத்தைக் காட்டி, "இத எடுக்க முடியுமா?" என்று கேட்டேன்.

லைட்டைப் பக்கத்தில் இழுத்து வைத்துப் பார்த்தாள். சிரிக்கச் சொன்னாள், ஊதச் சொன்னாள். "எடுத்துத் தர்றேன்னு சொன்னா அது பொய்க்கா. கொஞ்சம் மட்டுப்படுத்தலாம். கீழ மதுரைக்குப் போனீங்கன்னா ஊசி போட்டுப் பள்ளத்த நெரப்புவாங்க."

"மூஞ்சில ஊசியா? அதெல்லாம் ஆகாது."

"அப்ப கெமிக்கல் பீல் போட்டு விடுறேன். லேசா எரியும். நாலஞ்சு நாள்ல மேல்தோலு உரிஞ்சு புதுத்தோலு வரும். கோடு அம்புட்டா எடுத்துக் காட்டாது. எதுக்குக்கா திடீர்னு?"

"வீட்டுக்காரரு வர்றாரு."

"அப்படிச் சொல்லுங்க" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மருந்தைப் பிரஷ்ஷால் தடவியபோது எறும்பு கடிப்பது போல இருந்தது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். எல்லாவற்றையும் துடைத்து முடித்த பிறகு அவள் எனக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். "பத்து நாளைக்கு வெயில் படக் கூடாது. அடுப்பு அனல் அடிக்கக் கூடாது. தோலு தொங்குதுன்னு பிச்சு எடுக்கக் கூடாது. முக்கியமா தைலம் ஆகாது. மூஞ்சிக்குக் கிட்டயே கொண்டு போயிராதீங்க."

"ஏம்மா, கடையில நான் தைலமும் விக்கிறவ."

"வில்லுங்க. பூசாதீங்க."

கீழே இருப்பவர்களுக்கு இதன் கஷ்டம் புரியாது. அவர்கள் மலைக்கு வந்தால் யூகலிப்டஸ் தைலம் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போவார்கள், அது அலமாரியில் கிடந்து காயும். எங்களுக்கு அது உப்பு மாதிரி. தலைவலி, கால்வலி, தரை துடைக்கிற தண்ணீர், பிள்ளையின் தலையணை, கம்பளியில் ஏறிய ஈர வாடை, எல்லாவற்றுக்கும் அதுதான். யாராவது தும்மினால் எங்கள் ஊரில் முதலில் அடுப்பில் தண்ணீர் ஏறும். பிறகுதான் என்ன ஆச்சு என்று கேட்பார்கள்.

மூன்று நாள் சொன்னபடி இருந்தேன். கடைக்கு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு போனேன். கொடைக்கானலில் மஃப்ளர் சுற்றியவளை யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். சமையலைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்தேன். நாலாம் நாள் தோல் உரிய ஆரம்பித்தது. உரிந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் தெரிந்தது. கோடு போய்விடவில்லை. ஆனால் நிச்சயமாக இளகியிருந்தது. இடது பக்கம் நன்றாகவே தெரிந்தது. எட்டு நாள் இருக்கிறது, அதற்குள் இன்னும் தெளியும் என்று கணக்குப் போட்டேன். அன்றைக்கு அவரிடம் போனில் பேசும்போது என்னை அறியாமல் சிரித்தேன். "என்ன, குஷியா இருக்க?" என்றார். அவர் குரலில் குஷி இல்லை. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அன்று மாலை அட்டுவம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. வீடு போய்ச் சேர்வதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன். துணி மாற்றுவதற்குள் ஆறேழு தும்மல். மூக்கு அடைத்து, தலை கனத்தது. அவர் வரும்போது மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கக் கூடாதே என்பதுதான் என் நினைப்பு முழுவதும். மற்றதெல்லாம் கை செய்தது. கை தண்ணீரைக் கொதிக்க வைத்தது, பாட்டிலைத் திறந்தது, ஒரு மூடி தைலத்தை ஊற்றியது, போர்வையை எடுத்துத் தலையோடு மூடியது. நாற்பது வருஷமாகச் செய்கிற வேலைக்குத் தலை எதற்கு?

முதல் மூச்சிலேயே தெரிந்துவிட்டது. வாயைச் சுற்றி நெருப்பு வைத்தது போல இருந்தது. போர்வையை உதறி எழுந்ததில் பாத்திரம் சாய்ந்தது. குழாய்க்கு ஓடி அந்த ஐஸ் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தேன். அடிக்கும்போதே அவள் சொன்னது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதற்கும் வாய் எரிந்தது.

மறுநாள் கண்ணாடியைப் பார்க்கவே பயமாக இருந்தது. புதுத்தோல் இருந்த இடமெல்லாம் சிவந்து தடித்து, கோட்டின் மேலேயே மூன்று கொப்புளம் வரிசையாக நின்றது. பார்லர் திறப்பதற்கு முன்னால் படியில் போய் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து மஃப்ளரை விலக்கிப் பார்த்தவள், தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஒங்ககிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா! தைலத்த மட்டும் தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"பெறகு ஏங்க்கா?"

"தும்மிட்டேன்."

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. "ஒங்க வீட்டுக்காரரு வந்து பாத்தா எம் பார்லரத்தான கேப்பாரு? ஊரெல்லாம் என்ன சொல்லும்?" என்றாள். அவளுக்கு அவள் கவலை, அதில் தப்பில்லை. அன்றைக்கே அவள் பார்லரைப் பூட்டிவிட்டு என்னோடு பஸ் ஏறி வத்தலக்குண்டுத் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் களிம்பு எழுதிக் கொடுத்தார். கொப்புளம் ஒரு வாரத்தில் ஆறிவிடும், கறுப்பு மறைய மாதக்கணக்காகும் என்றார். என்னிடம் இருந்தது ஏழு நாள்.

அந்த ஏழு நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. காலையில் எழுந்ததும் கண்ணாடி. கடையில் ஆள் இல்லாதபோதெல்லாம் கண்ணாடி. கொப்புளம் உடைந்து பொருக்குத் தட்டியது. பொருக்கு உதிர்ந்த இடத்தில் காப்பிப் பொடி நிறத்தில் ஒரு பட்டை வாயைச் சுற்றி நின்றது. அந்தப் பட்டைக்கு நடுவில் கோடு முன்னைவிட ஆழமாகத் தெரிந்தது. மட்டுப்படுத்தப் போனவள் மையிட்டுக் காட்டிவிட்டு வந்திருந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்று பக்கத்துக் கடைக்காரர் எதற்கெடுத்தாலும் சொல்வார். இந்தத் தடவை அது எனக்குத்தான். டிக்கெட்டைத் தள்ளிப்போடச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். மகள் மதுரையில் ஹாஸ்டலில் இருந்தாள், அவளைப் பார்க்கிற சாக்கில் கீழே போய்விடலாமா என்று யோசித்தேன். கடைசியில் மஃப்ளர்தான் என்று முடிவு பண்ணினேன். சளி என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு நாள், இரண்டு நாள். அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

அவர் வந்த அன்றைக்குக் காலையில் பனி இறங்கி எதிர்வீடு தெரியவில்லை. மதுரையிலிருந்து வந்த டாக்சியின் சத்தம் கேட்டது, பிறகு லைட் தெரிந்தது, பிறகு அவர். தலை முழுக்க வெளுத்திருந்தது. ஒரு வருஷமாகக் குரலை மட்டும் கேட்டவளுக்கு அது திக்கென்றது. சலாம் சொன்னார். நான் மஃப்ளருக்குள்ளிருந்து பதில் சலாம் சொன்னேன். என் கண்ணைப் பார்த்தார், மஃப்ளரைப் பார்த்தார்.

"என்ன, சளியா?"

"ஆமாங்க."

"தைலத்தப் போட்டு ஆவி புடிக்க வேண்டியதுதான?"

எனக்கு வந்த கோபத்தில் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தேன்.

அவர் உட்காரவில்லை. முகத்தைக் கழுவிவிட்டு, நேராக அம்மாவை அடக்கிய கபருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினார். நானும் வரட்டுமா என்று கேட்கவில்லை. கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார், அப்படி இருந்தது முகம். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். ஷூவில் ஈரமண் ஒட்டியிருந்தது. கை கழுவி உட்கார்ந்தவருக்கு இடியாப்பமும் கறியும் வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டார்.

"நீயும் உக்காரு."

"நான் பெறகு சாப்புடுறேன்."

"நாலு வருஷம் கழிச்சு வந்திருக்கேன். ஒரு நாளைக்குக் கூட உக்காந்து சாப்புடக் கூடாதா?"

"சளியா இருக்குங்க. ஒங்களுக்கு ஒட்டிக்கிரும்."

அவர் கையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "மஃப்ளர எடு" என்றார்.

நான் கறிச்சட்டியை மூடப் போனேன்.

"மூணு வருஷமா ஒரு மூஞ்சியக் காட்டுன. இன்னைக்கி எதுக்கு மறைக்கிற?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பயந்து பயந்து பன்னிரண்டு நாள் சேர்த்து வைத்தது எல்லாம் கோபமாகத்தான் வெளியே வந்தது. மஃப்ளரை உருவிக் கட்டிலில் எறிந்தேன். "பாருங்க. நல்லாப் பாருங்க. இதப் பாக்கப் புடிக்காமத்தான ஒரு வருஷமா வீடியோவே வேண்டாம்னீங்க? ஒங்க கடையில ஒங்க ஸ்டூல்ல உக்காந்து வந்த கோடு இது. இத மட்டுப்படுத்தத்தான் போனேன். போயி, தைலத்துல வெந்துட்டு வந்திருக்கேன். பெட்டியப் பிரிக்கல இன்னும். போறதுன்னா இப்பவே போயிருங்க!"

அவர் எழுந்து வந்தார். என் தாடையைத் தொடப் போய், புண்ணைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்.

"எனக்காகவா இப்படிப் பண்ணித் தொலைச்ச?"

"பின்ன யாருக்காக?"

"ஒம் மூஞ்சிக்காகவா நான் வீடியோ வேண்டாம்னேன்?" என்றார். திரும்பவும் போய் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அன்னைக்கி பிள்ள போன்ல ஒன்னயப் பாத்தேன். மூணு நாள்ல ஒருத்திக்கு இவ்வளவு வயசு கூடுமான்னு பதறிட்டேன். ஒனக்கும் ஏதும் நோவான்னு பிள்ளகிட்டக் கேட்டேன். இல்லத்தா, அம்மா போன்ல எல்லாரும் வழுவழுன்னுதான் தெரிவாங்க, அதுல அப்படி வச்சிருக்குன்னுச்சு. எல்லாரும்னா எங்கம்மாவுமான்னு கேட்டேன்."

அவர் அதற்கு மேல் சொல்ல வேண்டியதே இல்லை. கட்டில் விளிம்பைப் பிடித்து உட்கார்ந்தேன்.

"ஆறு மாசம் தினமும் பாத்தேன். நீ எளச்சுட்டாங்கன்னு சொன்ன. நான் ஒன்னய நம்பல, போன நம்புனேன். கடைசி நாள்ல நீ புடிச்சுக் காட்டும்போதுகூட ஒதடு செவப்பா இருந்துச்சு. தூங்குற மாதிரி இருக்காங்கன்னேன்" என்றார். "ஒன்னய ஏச மனசு வரல. பீ மூத்தரம் அள்ளுனது நீ. ஆனா அந்தப் போனுக்குள்ள ஒன்னயப் பாக்க முடியல. அதான் வேண்டாம்னேன்."

இருக்கட்டும் என்று நான் சொன்ன அந்த நாள் ஞாபகம் வந்தது. மாமி இளைக்க இளைக்க, போன் அவர் கன்னத்தை நிரப்பி நிரப்பிக் காட்டியதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். என் முகத்தை மட்டும்தான் அது மாற்றுகிறது என்று நினைத்தேனா? எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னால் அது முழு உண்மையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் அதை ஆஃப் பண்ணியிருந்தால் அவர் மறுநாள் விமானம் ஏறியிருப்பார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். நான் பன்னிரண்டு நாளாக இரண்டு கோட்டுக்காகப் பயந்து செத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வருஷமாக இதைத் தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. கண்ணீர் இறங்கி வாயோரத்துப் புண்ணில் பட்டு எரிந்தது. துடைக்கவும் முடியவில்லை.

"என்னய மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் தன் போனை எடுத்துத் தரையில் வைத்தார். "இதுல அம்மா போட்டோ நெறைய கெடக்கு. எல்லாம் அந்தப் போன்ல எடுத்து நீ அனுப்புனதுதான். ஒண்ணுலகூட நெஜ அம்மா இல்ல. கபருகிட்ட நின்னு யோசிச்சேன், எனக்கு ஞாபகத்துல இருக்குற மூஞ்சி எதுன்னே தெரியல. கடைசில அம்மா எப்படித்தான் இருந்தாங்க? நீதான பாத்த. சொல்லு."

எப்படிச் சொல்வது? ஒரு முகத்தை வாயால் சொல்ல எனக்குத் தெரியாது. பிறகு தரையில் அவருக்கு எதிரே, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்தேன். விரலை என் மூக்கோரத்தில் வைத்தேன்.

"இங்க ஆரம்பிக்கும்" என்றேன். "என்னுது மாதிரியேதான், இன்னும் ஆழமா." விரலைக் கோட்டோடு இறக்கினேன். எரிந்தது. "வாய்க்கோடி வந்ததும் உள்ள போயிரும். பல்செட்டப் போட முடியாமக் கழட்டி வச்சுட்டோம். அதுனால ஒதடே தெரியாது. தண்ணி குடுத்தா இந்தக் கோட்டு வழியாத்தான் வழியும். நான் துணி வச்சு இப்படித் தொடைப்பேன்."

அவர் என் வாயோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் என் முகத்தை யாரும் பார்த்ததில்லை. நான் அடுத்ததைச் சொல்ல அவசரப்பட்டபோது கையைத் தூக்கி நிறுத்தினார்.

"வெரசாச் சொல்லாத" என்றார். "மெதுவாச் சொல்லு."